செங்கோட்டை–புனலூர் சாலை: முன்கண்ணாடியில் வைப்பர் தடத்தில் கீறல்கள். மெருகிடலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

செங்கோட்டைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நான் செங்கோட்டையில் குடியிருந்துகொண்டு புனலூரில் பணிபுரிகிறேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் காரில் நாள்தோறும் சென்று திரும்புகிறேன். காரின் முன்கண்ணாடியில், ஓட்டுநர் பக்கத்தில், வைப்பர் சென்று திரும்பும் தடத்திலேயே வளைவு வளைவாகக் கீறல்கள் விழுந்திருக்கின்றன. பகலில் அவை கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மாலையில் இருட்டிய பிறகு, மலைப்பாதையில் எதிரே சரக்கு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வரும்போது, அந்த வெளிச்சம் கீறல்கள் முழுவதிலும் சிதறி, கண்ணாடியின் பெரும்பகுதி வெளுத்துப்போய்விடுகிறது. லாரி கடந்து செல்லும் வரை சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்பதே தெரிவதில்லை. புளியரைக்கு மேலே இருக்கும் எஸ் வளைவை அறிந்தவர்களுக்கு அந்தச் சில நொடிகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை விளக்கத் தேவையில்லை.

கீறல் விழுந்த காரணத்தை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. காலை வேளையில் எம் சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளத்தை நோக்கி வரிசையாக ஏறுகின்றன. தார்ப்பாய் சரியாகக் கட்டப்படாத வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்திச் செல்ல இடமில்லாத அந்தச் சாலையில், கல்தூள் முழுவதும் நம் கண்ணாடியில்தான் படிகிறது. பெருமழை பெய்தால் அதைக் கழுவிவிடும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியில் விழுவது சாரல். அது தூளைக் கழுவாமல் நனைத்து மட்டும் வைக்கிறது. பார்வை மறைகிறதே என்று வைப்பரைப் போட்டால் கரகரவென்று ஓசை கேட்கிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு கடையில் மெருகிட்டுப் புதிதாக்கித் தருவதாகக் கூறுகிறார்கள். மற்றொரு கடையில் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை என்கிறார்கள். பற்பசை தேய்த்தால் போய்விடும் என்று அலுவலக நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். இணையத்தில் விற்கும் மெருகுப் பொடியை வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இடது பக்கக் கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு நேரான கீறல் ஒன்று தனியாகவும் இருக்கிறது. கண்ணாடி, வண்டியோடு வந்த அசல் கண்ணாடி. மெருகிட்டால் கண்ணுக்கு நேரான பகுதியில் பார்வை கெடாமல் இருக்குமா? மாற்றுவதானால் காப்பீடு கிடைக்குமா? இத்தொழிலை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆரியங்காவு வாடகைக்கார்:

தம்பி, கடைக்குப் போவதற்கு முன்னால் அது உண்மையிலேயே கீறல்தானா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சாலையில் லாரிப் புகையிலிருந்து வரும் எண்ணெய்ப் படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. தேய்ந்த வைப்பர் ரப்பர் அதை வளைவு வளைவாக இழுத்துவிட்டால் இரவில் அச்சாகக் கீறல் போலவே தெரியும். போர்வெல் தண்ணீரால் கழுவிக் காயவிட்ட வண்டிகளில் உப்புக்கறையும் இதே மாதிரிப் படிகிறது.

முதலில் நிறையத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் படலம் போய்விடும். உப்புக்கறையாக இருந்தால் வினிகரைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் கண்ணாடி மேல் போட்டுவைத்துப் பிறகு கழுவினால் இளகும். வினிகர் பெயிண்ட் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். உட்பக்கத்தையும் இப்படியே துடைத்துவிட்டு, இருட்டிய பிறகு ஒருவரை வெளியே டார்ச் விளக்கோடு நிறுத்தி, உள்ளே அமர்ந்து பாருங்கள். அப்போதும் அதே கோடுகள் அதே இடத்தில் தெரிந்தால் அது கீறல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாஷர் குமிழை இழுத்தால் தண்ணீரும் வைப்பரும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. ஆகையால் முதல் இழுப்பு பாதி உலர்ந்த தூளின் மேல்தான் நடக்கிறது. நான் வண்டியில் எப்போதும் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்திருக்கிறேன். கல் லாரியின் பின்னால் வந்திருந்தால், புளியரையிலோ கோட்டைவாசலிலோ ஓரமாக நிறுத்தி, மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஊற்றித் தூளை இறக்கிவிட்ட பிறகுதான் வைப்பரைத் தொடுவேன். காலையில் உலர்ந்த துணியால் கண்ணாடியைத் தட்டித் துடைக்கும் பழக்கத்தையும் நம் ஓட்டுநர்கள் விட்டாக வேண்டும். வைப்பர் செய்யும் கேட்டில் பாதியை அந்தத் துணியும் செய்கிறது.

தென்காசி கண்ணாடி வேலை:

ஆரியங்காவு அண்ணாச்சி சொன்ன சோதனையை முதலில் செய்துவிடுங்கள். கீறல்தான் என்று உறுதியானால் அதற்கு மேற்பட்டதை நான் சொல்கிறேன். கார்க் கண்ணாடி மாற்றுவதும் மெருகிடுவதும் என் தொழில். மெருகிட்டால் எனக்கும் வருமானம் வரும். ஆனாலும் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருக்கும் கீறல் என்றால் பெரும்பாலும் நான் மெருகிட மறுத்துவிடுகிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முன்கண்ணாடி ஒற்றைத் தகடு அன்று. ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்புள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில், பாலிவினைல் பியூட்டைரல் என்னும் பிசின் படலத்தை, பெரும்பாலும் 0.76 மி.மீ. தடிப்பில் வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அது. கல் பட்டு விரிசல் விட்டாலும் சில்லுகள் முகத்தில் தெறிக்காமல் நிற்பது அந்தப் படலத்தால்தான். ஆகவே நாம் தேய்ப்பதற்கு இருப்பது வெளித்தகட்டின் 2 மி.மீ. மட்டுமே.

கண்ணாடிக் கீறலை நிரப்பி மறைத்துவிடும் மருந்து எதுவும் கிடையாது. கடைகளில் தடவிக் காட்டும் திரவங்கள் சில நாள்களுக்குக் கீறலுக்குள் தங்கிப் பளபளப்பைத் தரும். வைப்பர் ஓடியதும் வெளியேறிவிடும். கல் தெறித்து விழுந்த புள்ளி உடைப்புக்கு ரெசின் செலுத்திப் புற ஊதா விளக்கில் இறுக்கும் முறை வேறு. கண்ணாடிக்குள் அடைபட்ட உடைப்பில் அது நிற்கும், மேலே திறந்துகிடக்கும் கீறலில் நிற்காது. கீறலை உண்மையிலேயே போக்குவதானால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள நல்ல கண்ணாடியைத் தேய்த்து இறக்க வேண்டும். மெருகிடுதல் என்பதன் பொருள் அவ்வளவுதான். கீறல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழுகிறது. குழி விழுந்த கண்ணாடி வில்லையாகி ஒளியை வளைக்கிறது. கீறல் மறைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு வண்டியை எடுத்துச் செல்வார். மறுநாள் மின்கம்பம் நெளிகிறது, சாலைக் கோடு ஆடுகிறது, தலை வலிக்கிறது என்று திரும்பி வருவார். தேய்த்துவிட்ட கண்ணாடியைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது.

எனவே கீறலின் ஆழத்தை அறிய வேண்டும். கண்ணாடியைக் கழுவி உலர்த்தி, கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எதிலும் தட்டாமல் வழுக்கிச் சென்றால் மேலோட்டமான கீறல். நகம் தட்டி நின்றால் அது மெருகுக்கு அடங்காது. அதைப் போக்கும் அளவுக்குத் தேய்த்தால் குழி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும். ஆழத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இடம். ஓட்டுநர் இருக்கைக்கு நேரே வைப்பர் துடைக்கும் பரப்பில் நகம் தட்டுகிற கீறல் இருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியை நான் சொல்வதில்லை. அதே கீறல் பயணியர் பக்கத்து மூலையில் இருந்தால் விட்டுவிடலாம். உங்கள் இடது மூலைக் கீறலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதிலிருந்து விரிசல் ஓடுகிறதா என்பதை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நகம் தட்டாத மெல்லிய கீறல்களுக்குச் சீரியம் ஆக்சைடு பொடியால் மெருகிடலாம். பொடியைத் தண்ணீரில் இளகிய தயிரின் பதத்துக்குக் கரைத்து, ஃபெல்ட் பேடில் தடவி, குறைந்த வேகத்தில் சுற்றும் மெஷினால், ஓர் இடத்தில் நிற்காமல் பரவலாகத் தேய்க்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்றைத் தாண்டக் கூடாது. பசை உலரவே கூடாது. உலர்ந்தால் சூடு ஏறும். சூடு ஓரிடத்தில் ஏறினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், முன்பே கல் பட்ட புள்ளி இருந்தால் அதிலிருந்து விரிசல் நிச்சயம் ஓடும். ஆகையால் அடிக்கடி நிறுத்திப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். வெயிலில் நின்ற வண்டியைக் கொண்டுவந்து உடனே மெருகிடுவது தவறு. பானெட்டையும் பீடிங் ரப்பரையும் வைப்பர் அடியில் இருக்கும் காற்றுத் துவாரங்களையும் பிளாஸ்டிக் தாளால் மூடி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளாவிட்டால், அந்தப் பசை காய்ந்து இடுக்குகளில் ஏறி எளிதில் போகாது. உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கே நெடுநேரம் பிடிக்கும் வேலை இது. பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் தேய்க்கப் போவது சீரியம் அல்ல, உப்புத்தாள் என்று கொள்ளலாம்.

கதவுக் கண்ணாடிகளுக்கு இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை பெரும்பாலான கார்களில் டெம்பர்டு கண்ணாடிகள். அவற்றில் விசை உள்ளுக்குள் இறுக்கப்பட்டிருக்கிறது. ஆழமாகத் தேய்த்தாலோ சூடேற்றினாலோ மொத்தமும் ஒரே கணத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

கீறலின் மேல் படம் ஒட்டி மறைத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. அது உதவாது. உட்பக்கம் ஒட்டினால் வெளிப்பக்கக் கீறல் அப்படியேதான் இருக்கும். வெளிப்பக்கம் ஒட்டினால் படத்தையே வைப்பர் கீறிவிடும். முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 விழுக்காடு ஒளி வர வேண்டும் என்னும் மோட்டார் வாகன விதியும் இருக்கிறது.

நகச் சோதனையைச் செய்துவிட்டு எழுதுங்கள். வைப்பர் பிளேடைக் கையில் எடுத்து, ரப்பரின் விளிம்பு கிழிந்திருக்கிறதா, உலோகச் சட்டம் எங்காவது கண்ணாடியைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள்.

புனலூர் வேதியியல்:

நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். பற்பசையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கையை அடிக்கடி கேட்கிறேன்.

ஒரு பொருள் மற்றொன்றைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். கனிமங்களின் கடினத்தன்மையை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5 என்ற இடத்தில் நிற்கிறது. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எனவே கல்தூள் கண்ணாடியைக் கீறுவதில் வியப்பில்லை. ஆற்று மணல் நீரில் உருண்டு முனை மழுங்கியது. எம் சாண்ட் கிரஷரில் உடைபட்டுப் புதிதாக முனை பெற்றது. அதன் துகள்கள் கோணல் மாணலாகவும் கூராகவும் இருக்கும். வைப்பர் ரப்பருக்கு அடியில் அப்படியொரு துகள் சிக்கினால், ரப்பர் திரும்பத் திரும்பச் செல்லும் தடத்தில் அதுவே கீறிக்கொண்டு செல்கிறது. உங்கள் கீறல்கள் வளைவாக இருப்பதன் காரணம் அதுதான்.

பல பற்பசைகளில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டின் கடினத்தன்மை 3. பல்லின் எனாமல் தேயக் கூடாது என்பதற்காகவே அது மென்மையான பொருள்களால் செய்யப்படுகிறது. அதைக் கொண்டு எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கண்ணாடி இறங்காது. படிந்திருந்த அழுக்கு போய்ச் சற்றுத் தெளிவாகத் தெரிவதைக் கீறல் போனதாக எண்ணிக்கொள்கிறார்கள். மறுமுனையில், உப்புத்தாளில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடின் கடினத்தன்மை 9. சிலிக்கான் கார்பைடு அதற்கும் மேல். அவை கண்ணாடியை விரைவாகத் தேய்க்கும், ஆனால் பழைய கீறலின் இடத்தில் புதிய கீறல்களை நூற்றுக்கணக்கில் விட்டுச்செல்லும்.

சீரியம் ஆக்சைடின் சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் கடினத்தன்மை கண்ணாடிக்கு நெருக்கமானது. தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பில் வேதிவினை புரிந்து, மிக மெல்லிய படலத்தை இளக்கி எடுக்கிறது. உரசலும் வேதிவினையும் ஒன்றாக நடப்பதால்தான் கீறல் விடாமல் மெருகு வருகிறது. தண்ணீர் வற்றக் கூடாது என்று தென்காசி அண்ணாச்சி வற்புறுத்துவதற்கு, சூட்டைத் தவிர இதுவும் ஒரு காரணம். நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சாலை மேற்கே கொல்லத்தில் போய் முடிகிறது. கொல்லத்தை அடுத்த சவரக் கடற்கரையிலும், தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் மோனசைட் மணலில் இருக்கும் அரிய மண் தனிமங்களில் மிகுதியானது சீரியமே. அந்த மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதற்காக 1952-இல் ஆலுவாவில் ஆலை தொடங்கப்பட்டது. கண்ணாடியைக் கீறும் மணலும் கண்ணாடியை மெருகிடும் மணலும் நம் பகுதியிலேயே இருப்பதை வகுப்பில் மாணவர்களுக்கு நான் விருப்பத்தோடு சொல்வதுண்டு.

செங்கோட்டைக்காரன்:

மூவருக்கும் நன்றி. சொன்னபடியே கழுவி, ஆல்கஹாலாலும் வினிகராலும் துடைத்து, இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தேன். மேல்பகுதியில் இருந்த மங்கல் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அது எண்ணெய்ப் படலம்தான் போலும். ஆனால் வளைவுக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நகம் தட்டவில்லை. ஸ்டியரிங்குக்கு நேர் மேலே செல்லும் இரண்டு வளைவுகளில் மட்டும் நகம் தெளிவாகத் தட்டுகிறது. வைப்பரைத் தூக்கிப் பார்த்தபோது, அந்த இரண்டு கோடுகளும் தொடங்கும் இடத்துக்கு நேராக ரப்பர் கிழிந்து, உள்ளிருக்கும் உலோகப் பட்டை சற்றே வெளியே தெரிகிறது. கண்ணாடியில் கல் பட்ட புள்ளி ஏதும் இல்லை. மெல்லிய கோடுகளை மட்டும் மெருகிட்டு, அந்த இரண்டையும் அப்படியே விட்டுவிடலாமா?

தென்காசி கண்ணாடி வேலை:

விட்டுவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவில் உங்கள் கண்ணைப் பறிப்பதில் பெரும்பங்கு அந்த இரண்டு ஆழமான கோடுகளுக்குத்தான் இருக்கும். மெல்லிய கோடுகளை மெருகிட்டால் செலவும் ஆகும், குறையும் தீராது. பகலில் நகருக்குள் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். நாள்தோறும் இருட்டில் மலையிறங்கும் உங்களுக்குக் கண்ணாடியை மாற்றுவதே சரி.

ஆனால் கண்ணாடியை மாற்றுவதற்கு முன்னால் வைப்பரை மாற்றுங்கள். பழைய பிளேடோடு புதிய கண்ணாடியில் ஓட்டினால் முதல் சாரலிலேயே அதே கோடு விழும். பங்குனி, சித்திரை வெயிலில் ரப்பர் இறுகி வெடித்துவிடுகிறது. ஆகவே வைகாசி முடிவதற்குள், சாரல் தொடங்கும் முன்பே, ஆண்டுதோறும் ரப்பரை மாற்றிவிடுவது நம் பகுதிக்குப் பொருந்தும். வைப்பர் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, கை வளைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வைப்பர் படுத்திருக்கும் கீழ்ப்பள்ளத்தில் கல்தூளும் சருகும் சேர்ந்து கிடக்கும். அதை அள்ளி எடுத்துக் கழுவாவிட்டால் வைப்பர் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தத் தூளையும் எடுத்துக்கொண்டுதான் மேலே வரும். வாஷர் தொட்டியில் நல்ல தண்ணீரை ஊற்றி, கண்ணாடி கழுவும் திரவத்தைச் சேருங்கள். துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றாதீர்கள். அது நாசிலை அடைத்துவிடும்.

புதிய கண்ணாடி வாங்கும்போது மூலையில் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், லேமினேட்டட் என்று குறித்திருப்பதையும் நீங்களே பாருங்கள். உங்கள் வண்டியில் மழை உணரியோ, கண்ணாடியின் உட்புறம் கேமராவோ இருந்தால் அதற்குரிய கண்ணாடிதான் வேண்டும். கேமரா இருந்தால் மாற்றிய பிறகு அதைச் சீர்செய்துதர முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்துபவர், கண்ணாடியை வண்டியோடு ஒட்டியிருக்கும் பழைய பேஸ்டை அறுக்கும்போது, கண்ணாடி அமரும் சட்டத்தின் பெயிண்ட் உரிந்தால், அந்த இடத்தில் பிரைமர் பூசிய பிறகே புதிய பேஸ்டைப் போட வேண்டும். சாரல் ஊரில் இதைத் தவறவிட்டால் உள்ளே துரு பிடித்துத் தண்ணீர் கசியும்.

கடையநல்லூர் காப்பீடு:

காப்பீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அத்துறையில் இருப்பதால் எழுதுகிறேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் சொந்த வண்டியின் கண்ணாடிக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், நாளடைவில் தேய்மானத்தால் ஏற்பட்ட சேதத்தை அது ஏற்பதில்லை. வைப்பர் கீறல் அந்த வகையில்தான் வரும். சாலையில் கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தால் அது விபத்துச் சேதம், கோரலாம். இரண்டையும் கலந்து, கீறலை மறைக்கக் கல் பட்டதாகச் சொல்லலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். ஆய்வாளர் கண்ணாடியை நேரில் பார்த்துப் படம் எடுக்கிறார். வைப்பர் தடத்தில் இருக்கும் வளைவு அவருக்குத் தெரியாமல் போகாது. பொய்க் கோரிக்கை என்று பதிவானால் பின்னால் உண்மையான கோரிக்கைக்கும் சிக்கல் வரும்.

பிறருக்கும் பயன்படும் என்பதால் மேலும் சிலவற்றைச் சொல்கிறேன். உடைந்த கண்ணாடிக்குக் கோரும்போது கண்ணாடிப் பகுதிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழிப்பார்கள். கட்டாயக் கழிவாக 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாயும் உங்கள் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரிதாக நினைக்க வேண்டியது கோரிக்கையில்லாச் சலுகையை, அதாவது கோரிக்கை எதுவும் வைக்காத ஆண்டுகளுக்காகப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் தரும் தள்ளுபடியை. முதல் ஆண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் அந்தச் சலுகை, ஒரே ஒரு கண்ணாடிக் கோரிக்கையால் அடுத்த புதுப்பித்தலில் போய்விடும். சலுகைப் பாதுகாப்பு என்னும் கூடுதல் திட்டத்தை எடுத்திருந்தால் மட்டுமே நிற்கும். சிறிய காரின் கண்ணாடி விலையையும் இழக்கப்போகும் சலுகைத் தொகையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பலருக்குக் கைப்பணத்தில் மாற்றுவதே இலாபமாக இருக்கும்.

செங்கோட்டைக்காரன்:

தெளிவாகிவிட்டது ஐயா, கைப்பணத்திலேயே மாற்றிவிடுகிறேன். வைப்பர் இரண்டையும் இன்றே வாங்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்போது சாரல் அடித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் கண்ணாடியை மாற்றலாமா, அல்லது சாரல் ஓயும் வரை காத்திருக்க வேண்டுமா? அதே நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு புனலூர் சென்றுவிட முடியுமா?

தென்காசி கண்ணாடி வேலை:

காத்திருக்க வேண்டாம், இருட்டில் அந்தக் கண்ணாடியோடு ஓட்டுவதைக் கூடிய விரைவில் நிறுத்துவதே நல்லது. கூரை உள்ள இடத்தில், சட்டமும் கண்ணாடியின் விளிம்பும் துளி ஈரமின்றி உலர்ந்திருக்கும்போது பேஸ்ட் போட்டால் போதும். திறந்தவெளியில், சாரலுக்கு நடுவே, துணியால் துடைத்துத் துடைத்துப் பொருத்துவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது பேஸ்டுக்குப் பேஸ்ட் மாறும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு பல மணி நேரம். டியூபிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் சாலை மேடுபள்ளமும் வளைவும் நிறைந்தது என்பதால், மாலையில் வேலையை முடித்து வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் எடுப்பதையே நான் விரும்புவேன்.

அந்த முதல் நாளில் ஒரு கதவுக் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்திருங்கள். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபடும் காற்று இன்னும் இறுகாத கண்ணாடியை வெளியே தள்ளும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் டேப்பை நாங்கள் சொல்லும் வரை எடுக்காதீர்கள். பிரஷர் பம்பில் ஒரு நாளாவது கழுவாதீர்கள். பழைய கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கை உரித்தெடுத்தால் அது பயன்படாது. ஆகையால் நாளைக்கே உங்கள் வங்கியில் அதே வண்டி எண்ணுக்கு மாற்று டேக் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, அது கையில் வந்ததும் வண்டியைக் கொண்டுவாருங்கள்.